இரவல் சாவி

நம் ஊர்ப்புறங்களில் இரவல் என்பது ஒருபோதும் இழிவான சொல்லாக இருந்ததில்லை. ஒரு வீட்டில் ஏணி இருந்தால் அது தெருவுக்கே ஏணி. அண்டா, பந்திப்பாய், பெட்ரோமாக்ஸ் விளக்கு, கடப்பாரை, கல்யாணத்துக்குப் புறப்படும் நேரத்தில் கழுத்துக்கு ஒரு சங்கிலி என்று, கொடுப்பதும் வாங்குவதுமாகவே அண்டை அயல் உறவு வளர்ந்தது. கொடுத்த அண்டா நெளிந்து திரும்பினால் இரண்டு நாள் முகம் சுருங்கும். மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன்குழம்பு வந்ததும் சுருக்கம் நீங்கிவிடும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் அந்த அறிவுரை வாங்குகிறவருக்குத்தான். கொடுக்கிறவரை எச்சரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. கொடுக்கிறவர் இழப்பதெல்லாம் ஓர் அண்டா, அல்லது ஓர் ஏணி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மோட்டார் சைக்கிள் இந்த வரிசையில் சேராத பொருள். ஏணி கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலேயே இருந்துவிடுகிறது. வண்டியோ தெருவுக்குப் போகிறது. அங்கே கொடுத்தவரையும் அறியாத, வாங்கியவரையும் அறியாத மூன்றாவது மனிதர் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு நடந்து வருகிறார். நாம் சாவியைக் கொடுக்கும்போது அவருடைய கால் கைகளையும் சேர்த்தே ஈடு வைக்கிறோம். அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சொந்த ஊரிலேயே இது சிந்திக்க வேண்டிய செய்தி. பிழைப்புக்காக அயல்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகிறது. நாம் ஆறு ஆண்டுகளாக வியட்நாமின் ஹோ சி மின் நகரில், பழைய வழக்கில் சொன்னால் சைகோனில், பணி நிமித்தம் வாழ்கிறோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டு இது பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

சைகோனைப் பார்க்காதவர்களுக்கு அந்நகரத்தின் மோட்டார் சைக்கிள் வெள்ளத்தைச் சொல்லால் காட்டுவது கடினம். காலை ஏழு மணிக்கு ஒரு நாற்சந்தியில் நின்றால், ஆற்றில் புதுப்புனல் வருவதுபோல் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே வண்டியில் தாய், தந்தை, இரு பிள்ளைகள். இன்னொன்றில் உயிருள்ள வாத்துகள். பிறிதொன்றில் ஆள் உயரக் கண்ணாடிப் பலகை. 1960களில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய ஹோண்டா வண்டிகள் தென்பகுதி மக்களின் நாவில் அப்படி ஊறிவிட்டன; எந்த நிறுவனத்து மோட்டார் சைக்கிளையும் 'ஹோண்டா' என்றே சொல்லும் முதியவர்கள் இன்றும் உள்ளனர். வாடகைக்கு ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கு அவர்கள் மொழியில் 'சே ஓம்' என்று பெயர். கட்டிப்பிடித்துச் செல்லும் வண்டி என்பது பொருள். இத்தகைய ஊரில் வண்டியில்லாதவர் காலில்லாதவர். ஆகவே நாமும் அங்குள்ள ஓட்டுநர் உரிமத்தை முறையாகப் பெற்று, ஹோண்டா வேவ் வண்டி ஒன்றை வாங்கினோம்.

அண்மை ஆண்டுகளில் வியட்நாமுக்குச் சுற்றுலா வரும் இந்தியர் தொகை பெருகியுள்ளது. ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். பள்ளித் தோழர் வருகிறார்கள். தோழரின் மைத்துனர் என்று அறிமுகக் குறிப்போடு முன்பின் தெரியாதவரும் வருகிறார்கள். வந்த மகிழ்ச்சியில் முதல் நாள் ஊர்க்கதை. இரண்டாம் நாள் ஊர் சுற்றல். மூன்றாம் நாள் காலை, மாடிப்படியின் கீழ் நிற்கும் வண்டியின் மேல் அவர்கள் பார்வை விழுகிறது. "சும்மாதானே நிக்குது? ரெண்டு நாள் குடுங்க, ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்" என்ற கேள்வி பிறக்கிறது. கேட்பதில் தவறில்லை. விருந்தினருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தாம் தரையில் படுக்கும் மரபில் வந்தவர்கள் நாம். கட்டிலைக் கொடுத்தவர் வண்டியைக் கொடுக்கமாட்டாரா என்று அவர்கள் நினைப்பது இயல்பே.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, உரிமம் பற்றியது. நம் நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஒன்று தருகிறார்கள், ஓராண்டு செல்லும். 'பன்னாட்டு' என்ற சொல்லைப் பார்த்து, எந்நாட்டிலும் செல்லும் என்று நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். உண்மை வேறு. சாலைப் போக்குவரத்து குறித்து உலக நாடுகளிடையே 1949இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையும், 1968இல் வியன்னாவில் வேறோர் உடன்படிக்கையும் ஏற்பட்டன. இந்தியா முதலாவதில் உள்ள நாடு. வியட்நாம் 2014இல் இரண்டாவதில் சேர்ந்தது. அந்த இரண்டாவது உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சீட்டையே அது ஏற்கிறது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ முறையாகப் பெற்ற சீட்டு, தாய்லாந்தில் செல்லலாம், வியட்நாமில் செல்லாது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை அந்தச் சீட்டோடு ஓட்டுபவர் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாதவரே. இருபது ஆண்டுகள் ஊரில் புல்லட் ஓட்டியவர் என்பது அங்கே கணக்கில் வராது.

இரண்டாவது, தண்டம் பற்றியது. 2025 ஜனவரி 1 முதல் வியட்நாமில் சாலைக் குற்றங்களுக்கான தண்டத் தொகைகள் கடுமையாக உயர்த்தப்பட்டன. 125 சி.சி. வரையுள்ள வண்டியை உரிமமின்றி ஓட்டுபவருக்கு 20 முதல் 40 இலட்சம் டாங் வரை தண்டம். அவருக்கு அந்த வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கோ 80 இலட்சம் முதல் ஒரு கோடி டாங் வரை; நம் பணத்தில் ஏறக்குறைய 30,000 ரூபாய். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஓட்டியவரைக் காட்டிலும் கொடுத்தவரே பெரிய குற்றவாளி என்று அந்தச் சட்டம் எடை போடுகிறது. ஓட்டியவர் அறியாதவராக இருக்கலாம். சாவியைக் கையில் வைத்திருந்தவர் அறிந்திருக்க வேண்டியவர். அந்த எடையில் ஒரு நியாயம் இருப்பதை நம்மால் மறுக்க முடியவில்லை.

தண்டத்தோடு இது முடிவதில்லை. வியட்நாமின் குற்றவியல் சட்டத்தில் 264ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாகனம் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று தெரிந்தே ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்து, அதனால் ஓர் உயிர் போனாலோ ஒருவர் படுகாயமுற்றாலோ, ஒப்படைத்தவர்மேல் வழக்கு எழும். இறந்தவர் மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு அங்கே இடமுண்டு. வண்டி ஓடிய நேரத்தில் நாம் அலுவலகத்தில் இருந்தோம், உறங்கிக்கொண்டிருந்தோம் என்பது விடையாகாது. 2023 ஆகஸ்ட் 15 முதல் அந்நாட்டில் வண்டியின் பதிவெண்ணை உரிமையாளரின் அடையாள எண்ணோடு பிணைத்துவிட்டார்கள். வண்டியை விற்றாலும் அந்த எண் வண்டியோடு போகாது, ஆளோடு நிற்கும். சாலைச் சந்திகளில் காமிராக்கள் உள்ளன. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் விமானமேறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், அறிவிப்பு உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்டும்.

மூன்றாவது, காப்பீடு. அங்கும் நம் நாட்டைப்போல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்தில் காயமுற்ற அல்லது இறந்த ஒருவருக்கு 15 கோடி டாங் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து இலட்சம் ரூபாய் வரை, காப்பீட்டு நிறுவனம் தரும். ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால் தன் பொறுப்பு இல்லை என்று அது விலகிக்கொள்ள விதி இடந்தருகிறது. விருந்தினர் ஊரிலிருந்து எடுத்துவரும் பயணக் காப்பீட்டிலும், உரிமமின்றி வண்டி ஓட்டி நேர்ந்த காயத்துக்குப் பணம் இல்லை என்ற வாசகம் பொதுவாக இருக்கும். ஆக, ஒரே ஒரு சீட்டு இல்லாமையால் அடிபட்டவர், ஓட்டியவர், கொடுத்தவர் ஆகிய மூவருமே ஒரே நேரத்தில் கூரையற்றவர் ஆகிறார்கள்.

நான்காவது, சாலையே. நாம் இடப்பக்கம் போகும் நாட்டில் பிறந்தவர்கள். வியட்நாம் வலப்பக்கம் போகும் நாடு. நேர்ச்சாலையில் இது தொல்லை தராது. முன்னே போகும் வண்டிகளைத் தொடர்ந்து எவரும் போய்விடலாம். ஆளில்லாத சந்தியில் திரும்பும்போதுதான் உடம்பு தன் பழைய பாடத்தை ஒப்பிக்கிறது. மேலும் ஹோண்டா வேவ் போன்ற வண்டிகளில் கியர் உண்டு, கிளட்ச் கைப்பிடி இல்லை. முன்காலால் அழுத்தினால் ஒரு கியர் ஏறும். குதிகாலால் அழுத்தினால் ஒன்று இறங்கும். திடீரென்று தடை வரும்போது, வாழ்நாளெல்லாம் கிளட்ச் பிடித்துப் பழகிய இடக்கை காற்றைப் பிடிக்கிறது. மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் கொட்டும் மழையும் சேர்ந்துகொண்டால், பத்து நிமிடத்தில் தெரு கால்வாயாகிவிடும். பள்ளம் எது, பாதை எது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டா. 2025 ஜூன் மாதத்தில் நம்மோடு பணிபுரியும் தமிழர் ஒருவரின் வீட்டுக்கு அவருடைய சித்தப்பா மகன் வந்திருந்தார். நல்ல பிள்ளை, குடிப்பழக்கம் இல்லாதவர். கைப்பேசிக்கு ஒரு சிம் அட்டை வாங்கி வருவதற்காக அண்ணனின் வண்டியை எடுத்துச் சென்றார். இரண்டு கிலோமீட்டர் தொலைவு. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிறு சந்தில் திரும்பும்போது பழக்கம் அவரை இடப்பக்கம் இழுத்துவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த பெண்மணி ஒருவர்மேல் வண்டி மோதியது. அவர் தெருத்தெருவாய் லாட்டரிச் சீட்டு விற்பவர். வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய வலக்கால் எலும்பு முறிந்தது. தம்பிக்குச் சிராய்ப்பு மட்டுமே.

காவலர் வண்டியின் எண்ணைப் பார்த்து அழைத்தது அண்ணனை. அவர் அப்போது அலுவலகத்தில் நம் அருகில்தான் அமர்ந்திருந்தார். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அவர் முகம் மாறியது நமக்கு நினைவில் இருக்கிறது. வண்டியைக் காவலர் பிடித்து வைத்தனர். தம்பிக்குத் தண்டம், அண்ணனுக்கு அதைவிடப் பெரிய தண்டம். காப்பீட்டு நிறுவனம் உரிமத்தைக் கேட்டது. இல்லை என்றதும் கோப்பை மூடியது. சட்டம் குற்ற வழக்குக்கு வகுத்திருக்கும் அளவைக் காயம் எட்டாததால் அவர் நீதிமன்றப் படியேறாமல் தப்பினார். மருத்துவமனைச் செலவையும், அந்த அம்மையார் நடமாடத் தொடங்கும்வரை அவர் குடும்பத்துக்கான தொகையையும் அவர் தாமே ஏற்றார். சில நாள்களில் தம்பி ஊருக்குத் திரும்பினார். பணத்தில் ஒரு பங்கைப் பிறகு அனுப்பியும் வைத்தார். ஆனால் அந்தத் தெருவில் தொடர்ந்து வாழ வேண்டியவர் அண்ணன் அல்லவா?

நாமும் அவரோடு மருத்துவமனைக்குச் சென்றோம். அந்த அம்மையார் கோபத்தோடு பேசவில்லை. கணக்கோடு பேசினார். சீட்டு ஒன்றின் விலை 10,000 டாங். காலையில் முகவரிடம் வாங்கிக்கொண்டு புறப்பட்டால், விற்காதவற்றைப் பிற்பகல் குலுக்கலுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்று அவர் கையில் எண்பத்து மூன்று சீட்டுகள் மீந்திருந்தன. மழைநீரில் சிதறி ஊறிப்போனவற்றை முகவர் எப்படித் திரும்பப் பெறுவார்? காலுக்கான பணம் வந்துவிட்டது, சீட்டுகளுக்கான பணத்தை யாரிடம் கேட்பது என்பதே அவர் கேள்வி. காவலரின் தாளில் கால் இருந்தது, சைக்கிள் இருந்தது, அந்த எண்பத்து மூன்று சீட்டுகள் இல்லை. நம் நண்பர் அதையும் எண்ணிக் கொடுத்தார். அம்மையார் நோட்டுகளை எண்ணிப் பார்த்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு அமர நாற்காலி காட்டினார்.

அந்த நாற்காலியில் அமர்ந்தபோது நமக்கு ஒன்று தெளிவாயிற்று. இரவல் வண்டியின் ஆபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் உரிமையாளரின் இழப்பையே பேசுகிறோம். தண்டம், வழக்கு, வேலை, குடியிருப்பு அனுமதி என்று எல்லாம் நம் பக்கத்துக் கவலைகள். சட்டம் நம்மை மிரட்டாமலிருந்தால் கொடுத்துவிடலாமா? கொடுக்கலாகாது என்பதற்கு முதற்காரணம் சட்டமல்ல. எண்பத்து மூன்று சீட்டுகளோடு மழைக்கு ஒதுங்க விரைந்துகொண்டிருந்த அந்தப் பெண்மணியே. நமக்கும் விருந்தினருக்கும் இடையில் உள்ளது அன்பு. அந்த அன்பின் செலவை ஏற்க அவருக்கு என்ன கடன்?

அயல்நாட்டில் வாழ்பவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே நமக்கு நிலமில்லை, குலமில்லை, தெரிந்த பெரிய மனிதரில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு நாம் 'இந்த எண் வண்டிக்காரர்', அவ்வளவே. காலையில் வண்டியை நிறுத்திக் காப்பி வாங்கும் கடைக்காரர் நம் முகத்தைவிட நம் வண்டியை முதலில் அடையாளம் கண்டு சிரிக்கிறார். வண்டியைக் கொடுப்பது அங்கே பெயரைக் கொடுப்பதே. இரும்பு நெளிந்தால் பட்டறையில் நிமிர்த்திக்கொள்ளலாம். பெயர் நெளிந்தால் அந்த ஊரில் நிமிர்த்தித் தரும் பட்டறை இல்லை.

வியட்நாமின் சட்டம் மட்டும் இப்படி என்று நினைத்துவிடலாகாது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும், உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கும் உரிமையாளரைத் தண்டிக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அந்தத் தண்டம் 5,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். உரிமமின்றி ஓட்டியவருக்கும் அதே 5,000 ரூபாய்தான். 2009இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியது. இரவல் மோட்டார் சைக்கிளில் சென்றவர் முன்னே போன மாட்டு வண்டியில் மோதி இறந்துபோனார். வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார்; ஆகவே மூன்றாம் நபருக்குரிய அந்த இழப்பீட்டு விதி அவர் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறியது. இரவல் கொடுத்தவர் அன்பினால்தான் கொடுத்திருப்பார். அந்த அன்பு ஒரு குடும்பத்தை அந்த விதியின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

கடன் கொடுப்பதைப் பற்றிச் சைகோனில் நின்று பேசும் தமிழர், ஒரு பழைய வரலாற்றை மறக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அந்நகரில் பெரும் கடன் கொடுத்தவர்களுள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் இருந்தனர். நகரின் நடுவே தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அந்த வணிகர் எழுத்தும் ஈடும் இன்றிப் பணத்தைக் கைமாற்றுகிறவர்கள் அல்லர். யாருக்கு, எதற்கு, எந்நாள்வரை, திரும்பாவிட்டால் என்ன என்று கேட்டு, ஏட்டில் எழுதிய பிறகே பெட்டியைத் திறந்தார்கள். அவர்கள் தொழிலில் நன்மையும் இருந்தது, கடுமையும் இருந்தது. அதை எடை போடுவது இங்கே நம் நோக்கமன்று. பணத்துக்கு இத்தனை கேள்வி கேட்ட மரபு, உயிரைப் பறிக்கக்கூடிய பொருளைக் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்கக் கூசுவது ஏன் என்பதே நம் வியப்பு.

அந்த ஆண்டு அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி, நம் பள்ளித் தோழர் ஒருவர் மனைவியோடு வந்தார். ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர். நம் தந்தையார் மறைந்தபோது இரவெல்லாம் உடனிருந்தவர். ஹுவே நகருக்கும் டா நாங் நகருக்கும் இடையிலுள்ள ஹாய் வான் கணவாயை மோட்டார் சைக்கிளில் கடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருபது கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான மலைப்பாதை; உச்சி ஏறத்தாழ 500 மீட்டர்; ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். வண்டியை ரயிலில் ஏற்றி அனுப்பித் தர முடியுமா என்று கேட்டார். நாம் முடியாது என்றோம். காரணங்களையும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு வண்டிக்கு இவ்வளவு சட்டமாடா?" என்றார். அதுவரை பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, மேல்மாடியில் குடியிருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர் கதவைத் தட்டி, "நன்றி" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வண்டி பட்டறையில் இருந்ததால் நம் வண்டியை எடுத்துச் சென்றிருந்தார். அவரிடம் வியட்நாமிய உரிமம் உண்டு. எட்டு ஆண்டுகளாக அந்தச் சாலைகளில் ஓட்டுபவர். தோழரின் முகம் கறுத்தது. "நேத்து வந்த அந்நியனுக்குக் குடுக்கிற. எனக்கு இல்லையா?" என்றார். அந்தக் கேள்வியில் நாற்பது ஆண்டு உறவு இருந்தது. அந்நியரைக் கண்டு அஞ்சி நாம் மறுத்திருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். உறவைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்ததுதான் அவரால் தாங்க முடியாததாயிற்று.

நாம் மாற்றுவழிகளைச் சொன்னோம். ஹுவேயிலிருந்து டா நாங் செல்லும் ரயில், அதே கணவாயின் கடலோரச் சரிவிலேயே ஊர்ந்து செல்கிறது. வண்டியில்தான் போக வேண்டுமென்றால், பின்னிருக்கையில் ஏற்றிச் செல்ல உரிமமுள்ள உள்ளூர் ஓட்டிகள் இருக்கிறார்கள். தோழரின் மனைவி ரயிலைத் தேர்ந்தார். அவர்கள் ரயிலிலேயே சென்றார்கள். படங்கள் அனுப்பினார்கள், கடல் அழகாக இருந்தது என்று எழுதினார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் வந்தது. ஆனாலும் முன்பிருந்த நெருக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை நாமே கொடுத்தோம். தெருவில் சீட்டு விற்கும் ஒருவரின் தலையில் அதைச் சுமத்தவில்லை. இந்த ஓர் ஆறுதல் நமக்குப் போதும்.

அப்படியானால் வண்டியை யாருக்கும் கொடுக்கவே கூடாதா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கொடுக்கலாம், கேட்டுக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில், இந்த வகை வண்டிக்குச் செல்லத்தக்க உரிமம் உண்டா? அதைக் கண்ணால் பார்த்தோமா? வண்டியின் காப்பீடு நாள் கடக்காமல் இருக்கிறதா? அது பிறர் ஓட்டினாலும் செல்லுமா? பிரேக்கும் டயரும் சரியாக உள்ளனவா? தலைக்கவசம் அவர் தலைக்குப் பொருந்துகிறதா? வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் ஒரு துளி மது அருந்தியிருந்தாலும் வண்டியைத் தொடலாகாது என்பது விதி. நாம் கொடுத்தவர் வேறொருவரிடம் கொடுக்கமாட்டார் என்ற உறுதி உண்டா? இத்தனைக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால் சாவியை மகிழ்ச்சியோடு கொடுக்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் வேறு உதவி செய்யலாம்: பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு நாமே செல்லலாம், 'சே ஓம்' கட்டணத்தை நாமே கொடுக்கலாம், ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் சுற்றலாம். வண்டியைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பதைவிட, நம் நேரத்தைக் கொடுப்பது கடினம். விருந்தோம்பல் என்பது அந்தக் கடினமானதையே அல்லவா கேட்கிறது?

கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். அயல்நாட்டில் வாழும் நண்பர் வண்டியைத் தரத் தயங்கினால், அவர் மாறிவிட்டார், பணம் வந்ததும் மனம் சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் ஐந்து நாளில் திரும்பிவிடுவீர்கள். அவர் அங்கே அந்நியராகவே நின்று, தம் பெயரொன்றையே முதலாகக் கொண்டு பிழைக்கிறார். கேட்பதற்கு முன், "எனக்கு இங்கே ஓட்ட உரிமை உண்டா?" என்று நீங்களே முதலில் கேட்டுவிட்டால், மறுக்கும் சுமையை அவர் தோளிலிருந்து இறக்கி வைத்தவர் ஆவீர்கள். அது அவருக்கு நீங்கள் ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் முறுக்கையும் கருவாட்டையும்விடப் பெரிய பரிசு.

நட்பு என்பது கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று இளமையில் நினைத்திருந்தோம். நண்பரின் கையால் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதும் நட்பின் கடமையே என்று இப்போது தோன்றுகிறது. தமக்கு விழும் அடியை ஒருவர் காலப்போக்கில் மறந்துவிடக்கூடும். தம் கையால் பிறருக்கு விழுந்த அடி அவ்வளவு எளிதில் விடாது. சித்தப்பா மகனுக்குச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஊருக்குத் திரும்பிய பின்னும் மாதந்தோறும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து அவர் முதலில் கேட்பது ஒன்றே: அந்த அம்மா இப்போது நடக்கிறாரா? நடக்கிறார், சற்றே சாய்ந்து நடக்கிறார். காலையில் சீட்டுக் கட்டோடு அந்தச் சந்தைக் கடந்து போகிறார்.